கடன் முடியாத டிரெய்லர் லாரியைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி எடுக்கலாமா? கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிலிருந்து போன். "ஷோரூம்ல இருந்து ஆள் வந்தாங்கப்பா. நம்ம வண்டிக்கு 23 லட்சம் தர்றாங்களாம். கையில இருந்து கொஞ்சம் போட்டா 22 சக்கர வண்டியே எடுத்துடலாம். நீ வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போ."

வீட்டில் லாரி ஓடுகிறது, நீங்கள் பெங்களூருவிலோ புனேவிலோ சென்னையிலோ மாதச் சம்பள வேலையில் இருக்கிறீர்கள் என்றால், இந்த போன் என்றைக்காவது வரும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரக் குடும்பங்களுக்கு இது பழகிய விஷயம். அந்த 'ஒரு கையெழுத்து' பெரும்பாலும் இணைக் கடன்தாரர் அல்லது ஜாமீன்தாரர் கையெழுத்து. வண்டி அப்பா பெயரில் இருக்கும், கடன் உங்கள் சிபில் அறிக்கையிலும் ஏறும்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் இதுதான்: லாரித் தொழிலில் கையில் காசு நிற்பது கடைசி இஎம்ஐ கட்டிய பிறகு வண்டி ஓடும் மாதங்களில்தான். கடன் பாதியில் இருக்கும்போது வண்டியை மாற்றினால், அந்த மாதங்களையும் சேர்த்தே விற்றுவிடுகிறீர்கள். அதை ஈடுகட்டும் அளவுக்குப் பெரிய வண்டி கூடுதலாகச் சம்பாதிக்குமா என்பதுதான் கேள்வி. மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில், எதை மாற்றப் போகிறீர்கள்?

டிரெய்லர் லாரி என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு வண்டிகள். முன்னால் இழுத்துச் செல்லும் டிராக்டர் ஹெட் ஒன்று, பின்னால் சரக்கைத் தாங்கும் டிரெய்லர் இன்னொன்று. பெரிய வண்டி என்றதும் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது தேவையில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018 ஜூலையில் அச்சுகளுக்கான எடை வரம்பை உயர்த்தியது. பின்னால் சேர்ந்திருக்கும் 2 அச்சுகளுக்கு 19 டன்னாக இருந்தது 21 டன் ஆனது. 3 அச்சுகளுக்கு 24 டன் என்பது 27 டன் ஆனது. இதன்படி, 3 அச்சு டிரெய்லரை 4 சக்கர இயக்கி அச்சு ஒன்று மட்டும் உள்ள டிராக்டர் இழுத்தால் மொத்த எடை 45.5 டன் வரை போகலாம். இது 18 சக்கர வண்டி. அதே டிரெய்லரைப் பின்னால் 2 அச்சு உள்ள டிராக்டர் இழுத்தால் 55 டன். இது 22 சக்கர வண்டி.

கவனித்தீர்களா? இரண்டிலும் டிரெய்லர் ஒன்றேதான். உங்களிடம் ஏற்கெனவே நல்ல நிலையில் 3 அச்சு டிரெய்லர் இருந்தால், முன்வண்டியை மட்டும் மாற்றுவது பற்றிக் கேளுங்கள். வாங்க வேண்டிய தொகையே குறைந்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே கடன் ஒப்பந்தத்தில் இருந்தால், ஒன்றை மட்டும் விடுவிக்க நிதி நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

23 லட்சத்தில் உங்கள் பணம் எவ்வளவு?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் விளக்கத்துக்கு எடுத்துக்கொண்டவை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள்.

பழைய வண்டிக்குக் கடன் ₹36 லட்சம், குறையும் இருப்பின் மீது வட்டி 10.5%, தவணை 60 மாதம். மாத இஎம்ஐ ₹77,378. இதுவரை 30 மாதம் கட்டியாகிவிட்டது, அதாவது ₹23.21 லட்சம். "பாதிக் கடன் முடிஞ்சுதே" என்று தோன்றும். ஆனால் அசலில் இன்னும் ₹20.34 லட்சம் பாக்கி. ஆரம்ப மாதங்களின் இஎம்ஐயில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால் இப்படி.

இப்போது கடனை முன்கூட்டியே முடித்தால் முன்முடிப்புக் கட்டணம் உண்டு. 4% என்று வைத்தால் ₹81,000, அதன் மேல் 18% ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து சுமார் ₹96,000. ஆக, கடனை அடைக்க ₹21.30 லட்சம் வேண்டும்.

ஷோரூம் தரும் 23 லட்சத்தில் இது போனால் மிச்சம் ₹1.70 லட்சம். புதிய வண்டிக்கு உங்கள் முன்பணம் இதுதான், 23 லட்சம் இல்லை. அவர்கள் கொடுக்கும் விலை 20 லட்சம் என்றால் மிச்சம் இருக்காது, நீங்கள்தான் மேலே ₹1.30 லட்சம் போட வேண்டும். அந்தப் பள்ளத்தைப் புதிய கடனில் சேர்த்து மூடித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஓட்டாத வண்டிக்கு 5 ஆண்டு வட்டி கட்டும் வேலை அது.

"ரிசர்வ் வங்கி முன்முடிப்புக் கட்டணத்தை எடுத்துடுச்சே?" என்று கேட்கலாம். 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு அப்படி ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது மாறும் வட்டிக் கடன்களுக்கு. லாரிக் கடன்கள் பெரும்பாலும் நிலையான வட்டியில் தரப்படுகின்றன. உங்கள் ஒப்பந்தம் எந்த வகை, எந்தத் தேதி என்று பார்க்காமல் கட்டணம் இருக்காது என்று கணக்குப் போடாதீர்கள்.

புதிய இஎம்ஐயின் உண்மையான விலை

புதிய 55 டன் வண்டி, டிரெய்லருடன் ₹52 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய வண்டியில் கிடைத்த ₹1.70 லட்சத்தோடு கையிலிருந்து ₹3.50 லட்சம் போடுகிறீர்கள். கடன் ₹46.80 லட்சம். அதே வட்டி, அதே 60 மாதம் என்றால் இஎம்ஐ ₹1,00,591.

ஷோரூமில் இதை எப்படிச் சொல்வார்கள்? "மாசம் 23 ஆயிரம்தான் சார் கூடுது." அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 23 ஆயிரம் முதல் 30 மாதங்களுக்கு மட்டும்தான். பழைய வண்டியை வைத்திருந்தால் 31வது மாதத்திலிருந்து இஎம்ஐ பூஜ்யம். புதியதில் அடுத்த 30 மாதமும் முழு ₹1,00,591.

5 ஆண்டுகளையும் சேர்த்துப் பார்ப்போம். பழையதை வைத்திருந்தால் இனிக் கட்ட வேண்டியது ₹23.21 லட்சம். புதியதற்கு இஎம்ஐ ₹60.35 லட்சம், கைப்பணம் ₹3.50 லட்சம். வித்தியாசம் ₹40.64 லட்சம். 5 ஆண்டு முடிவில் புதிய வண்டிக்கு மறுவிற்பனை விலை கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு ₹12 லட்சம் கழித்துக்கொள்ளலாம். மீதி ₹28.64 லட்சம். 60 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய ₹47,700.

பழைய வண்டிக்கு வயது ஏற ஏற ஒர்க்‌ஷாப் செலவு கூடும், வண்டி நிற்கும் நாட்களும் கூடும். அதற்கு மாதம் ₹15,000 என்று கழித்தால் ₹32,700. ஆக, பெரிய வண்டி இப்போதைய வண்டியைவிட மாதம் ₹33,000 முதல் ₹48,000 வரை, எல்லாச் செலவும் போக, கூடுதலாகக் கொண்டுவர வேண்டும். அப்போதுதான் இந்த மாற்றம் சமன் ஆகும். லாபம் அதற்கு மேலேதான்.

வாடகை டன் கணக்கிலா, பெட்டிக் கணக்கிலா?

பெரிய வண்டி தானாகப் பெரிய வருமானம் தராது. எதை ஏற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

சிமென்ட், இரும்புச் சுருள், கிரானைட், நிலக்கரி போன்றவற்றுக்கு வாடகை பெரும்பாலும் டன் கணக்கில். கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு டன்னும் காசு. துறைமுகத்திலிருந்து 40 அடி கன்டெய்னர் ஓட்டுபவருக்கு வாடகை பெட்டிக்கு. உள்ளே துணியோ மின்னணுப் பொருளோ இருந்து எடை 15 டன்னைத் தாண்டவில்லை என்றால், 55 டன் திறனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டீசல்தான் கூடும். சென்னை, மும்பை நவசேவா, குஜராத் முந்த்ரா என எந்தத் துறைமுகமானாலும் இதே கணக்குதான்.

டன் கணக்கு ஓட்டம் என்றே வைப்போம். 45.5 டன்னிலிருந்து 55 டன்னுக்குப் போனால் வித்தியாசம் 9.5 டன். ஆனால் பெரிய முன்வண்டியின் சொந்த எடையும் கூடும். அது போகச் சரக்குக்கு 7 டன் கூடுதல் என்று எடுத்துக்கொள்வோம். டன்னுக்கு ₹1,400 வாடகை என்றால் ஒரு லோடுக்கு ₹9,800 கூடுதல்.

மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பழைய வண்டி லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர், புதியது 3 கிலோமீட்டர் கொடுக்கிறது என்றால், மாதம் 381 லிட்டர் டீசல் அதிகம். லிட்டர் ₹92 என்றால் ₹35,000.

மாதம் 6 லோடு கிடைத்தால் கூடுதல் வாடகை ₹58,800, டீசல் போக ₹23,800. நமக்குத் தேவையான ₹33,000-ஐ எட்டவில்லை. அதே கிலோமீட்டரில், ரிட்டர்ன் லோடு பிடித்து 8 லோடு ஓட்ட முடிந்தால் கூடுதல் வாடகை ₹78,400, டீசல் போக ₹43,400. இப்போது கணக்கு நிற்கிறது. கூடுதல் 4 டயரின் தேய்மானத்தை இதிலும் கழிக்க வேண்டும்.

அதனால் அப்பாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வண்டி விலை பற்றியது அல்ல. "கடந்த 12 மாசத்துல எத்தனை தடவை முழு எடை ஏத்தினோம்? எத்தனை தடவை காலியா திரும்பினோம்?" பில்டி, எடை மேடை ரசீது, ஃபாஸ்டேக் அறிக்கை மூன்றையும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு சாயங்காலத்தில் விடை கிடைத்துவிடும்.

சுங்கச்சாவடியில் ஒரு நல்ல செய்தி உண்டு. தேசிய நெடுஞ்சாலைக் கட்டணத்தில் 4 முதல் 6 அச்சு வரை ஒரே பிரிவு. 18 சக்கர வண்டிக்கு 5 அச்சு, 22 சக்கர வண்டிக்கு 6 அச்சு. எனவே டோல் பிரிவு மாறாது.

இன்னொரு நிலைமையையும் மறைக்காமல் பேச வேண்டும். இப்போதைய வண்டியில் வழக்கமாக அதிக எடை ஏற்றித்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், கணக்கு வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி அதிக எடைக்கு அபராதம் ₹20,000, அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ₹2,000. பிரேக், டயர், ஓட்டுநரின் உயிர் எல்லாம் அதே எடையின் கீழ்தான். அந்தச் சரக்குக்கு நிரந்தர ஒப்பந்தம் இருந்தால், சட்டப்படி அந்த எடையைத் தாங்கும் வண்டிக்கு மாறுவது நியாயமான காரணம்.

ஜிஎஸ்டி குறைந்ததே, இப்போது வாங்குவது லாபம்தானே?

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு லாரிகளுக்கும் டிராக்டர் ஹெட்களுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரிக்கு முந்தைய விலை மாறவில்லை என்றால், வாங்கும் விலை சுமார் 7.8% குறையும். உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாத சிறு உரிமையாளர்களுக்கு இது உண்மையான சேமிப்பு. வரவு எடுக்கும் நிறுவனங்களுக்கு நிகர விலையில் பெரிய மாற்றம் இல்லை.

ஆனால் புதிய வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியின் சந்தை விலையும் கூடவே இறங்கும். 28% வரி கட்டி வாங்கிய வண்டியை, 18% வரி வண்டிகளோடு போட்டி போட்டு விற்கிறீர்கள். ஒரு பக்கச் சேமிப்பை மட்டும் எண்ணாதீர்கள்.

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்து, அந்த லாரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கவில்லை என்றால், 2025 ஜனவரி 25 முதல் பழைய வண்டி விற்பனையில் லாப வித்தியாசத்தின் மீது 18% வரி. வருமான வரியில் தேய்மானம் கழித்திருந்தால், விற்ற விலைக்கும் தேய்மானம் போன மதிப்புக்கும் உள்ள வித்தியாசமே அந்த லாபம். வணிக வாடகை லாரிகளுக்கு ஆண்டுத் தேய்மானம் 30% என்பதால் ஏட்டு மதிப்பு வேகமாகக் குறைந்திருக்கும், வரி விழ வாய்ப்பு அதிகம். வரவு எடுத்திருந்தால் விதியே வேறு. இதை ஆடிட்டரிடம் கேட்காமல் விலை பேசாதீர்கள்.

10 வண்டிக்கு மேல் இல்லாதவர்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 44ஏஇ பிரிவு என்று பழகிப்போன அனுமான வருமான முறையில், 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு ஒரு டன்னுக்கு மாதம் ₹1,000 வருமானமாகக் கொள்ளப்படும். மொத்த எடையை 45.5-இலிருந்து 55 டன்னாக எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ₹1.14 லட்சம் கூடுதல் வருமானம் காட்ட வேண்டும். வண்டி உண்மையில் சம்பாதித்ததா என்பது வேறு விஷயம்.

எப்போது மாற்றலாம், எப்போது பொறுக்கலாம்?

முழு எடைச் சரக்குக்கு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கிறது, ரிட்டர்ன் லோடு நிச்சயம், பழைய வண்டியில் கடன் போக நல்ல தொகை மிஞ்சுகிறது, இரண்டு மாத இஎம்ஐ கையிருப்பில் நிற்கிறது. இந்த நான்கும் இருந்தால் மாற்றலாம்.

வண்டி வயதும் ஒரு காரணமாகலாம். பல அச்சு வண்டிகளுக்கு தேசிய பெர்மிட் 15 வயது வரைதான். போக்குவரத்து வாகனத்துக்கு முதல் 8 ஆண்டு 2 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று, அதன் பிறகு ஆண்டுதோறும். டெல்லி ஓட்டம் உள்ளவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டெல்லிக்கு வெளியே பதிவான பிஎஸ்4 சரக்கு வண்டிகளுக்கு அங்கே நுழைய 2026 அக்டோபர் 31 வரைதான் அனுமதி அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் 2 அல்லது 3 வயது பிஎஸ்6 வண்டிக்கு இவை எதுவும் அவசரக் காரணம் இல்லை.

லோடு கிடைப்பதே ஏற்ற இறக்கமாக இருக்கிறது, ஓட்டம் பெட்டிக் கணக்கு, கடன் போக மிஞ்சுவது சொற்பம் என்றால் பொறுங்கள். மீதி 30 மாதத்தை முடித்துவிட்டு, இஎம்ஐ இல்லாத மாதங்களில் அதே தொகையை ஒதுக்கி வைத்தால், ஓர் ஆண்டில் ₹9 லட்சத்துக்கு மேல் சேரும். அதற்குப் பிறகு அதே ஷோரூமில் நீங்கள் பேசும் குரலே வேறாக இருக்கும்.

முடிவெடுத்துவிட்டால், காகிதத்தில் கவனிக்க வேண்டியவை

வட்டியைக் கேட்கும்போது 'ஃபிளாட்' கணக்கா, குறையும் இருப்பின் மீதா என்று கேளுங்கள். 60 மாதத்துக்கு 6% ஃபிளாட் என்பது உண்மையில் 11 சதவீதத்துக்கு அருகில் வரும். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில் தவணைக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கூறியிருக்கிறது. கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். வாயால் சொன்னதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

பழைய கடன் முடிந்ததும் நிதி நிறுவனத்தின் என்ஓசியும் படிவம் 35-உம் வாங்குங்கள். அப்போதுதான் ஆர்சியில் உள்ள அடமானக் குறிப்பு நீங்கும். உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, 30. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி டீலரிடம் ஒப்படைத்தால் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும்.

"பேர் மாத்துறதை அப்புறம் பாத்துக்கலாம், நான் இஎம்ஐ கட்டிக்கிறேன்" என்று யாராவது வண்டியை எடுத்துப்போக வந்தால் கொடுக்காதீர்கள். கடன் உங்கள் பெயரில், விபத்தும் உங்கள் பெயரில். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஃபாஸ்டேக்கை மூடுங்கள். காப்பீட்டில் சேர்ந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் சான்றிதழை வாங்கிப் புதிய பாலிசிக்கு மாற்றுங்கள். அது வண்டிக்குச் சொந்தமானதல்ல, உரிமையாளருக்குச் சொந்தமானது.

கடைசியாக, அந்தக் கையெழுத்து

இணைக் கடன்தாரர் என்றால் இஎம்ஐக்கு நீங்களும் முழுப் பொறுப்பு. இரண்டு மாதம் லோடு இல்லாமல் தவணை தவறினால், உங்கள் கிரெடிட் ஸ்கோரும் இறங்கும். அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், இந்த ஒரு லட்சம் ரூபாய் இஎம்ஐயையும் உங்கள் கடமையாக எண்ணித்தான் வங்கி தகுதியைக் கணக்கிடும்.

இதைச் சொல்வது அப்பா மீது நம்பிக்கை இல்லாமல் இல்லை. 20 வருடம் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு எந்த ரோட்டில் எந்த மாதம் லோடு கிடைக்கும் என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். எக்செல் தெரிந்தது நமக்கு. அதனால் போனிலேயே சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாதீர்கள். அடுத்த வாரம் ஊருக்குப் போங்கள். லோடு நோட்டை அவர் படிக்கட்டும், நீங்கள் எண்களைப் போடுங்கள். மாதம் ₹33,000 கூடுதலாக வருகிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வந்தால் கையெழுத்துப் போடலாம். வரவில்லை என்றால், ஷோரூம்காரரிடம் 30 மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.